கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய இடத்தை மாணவர்கள் காப்பது எப்படி? வட ஆற்காட்டுக்கான முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியோ, ஒரு பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றமோ பழைய இடம் ஒன்றைக் காப்பாற்றுவோம் என்று முடிவெடுத்தால், முதலில் கிளம்புவது துடைப்பமும் வெட்டுக்கத்தியும் ஒரு பேனரும்தான். காலையில் புதர் வெட்டுவார்கள், கல்லைத் தேய்த்துக் கழுவுவார்கள், வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், மதியம் பொட்டலச் சோறு சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குப் புதர் பழையபடி எழுந்து நிற்கும். தேய்த்த கல்வெட்டிலிருந்து போன எழுத்து மட்டும் திரும்பி வராது.

இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது. முதலில் காகிதம், அடுத்து ஊர், பிறகு பதிவு, அதற்குப் பிறகுதான் வழி. கல்லைத் தொடும் வேலை எதுவும் இதில் இல்லை. கற்சின்னத்தில் கை வைப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவர்களை அந்த இடத்துக்கு வரவழைப்பதும், வந்த பிறகு இடத்தை மறக்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் மாணவர்களால் முடிந்த வேலை. சொல்லப்போனால், மாணவர்கள் அளவுக்கு விடாப்பிடியாக அதைச் செய்ய வேறு ஆள் கிடைப்பதில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

வேலூர்க் கோட்டையை விட்டுவிடுங்கள். அதற்கு அகழி இருக்கிறது, காவலர் இருக்கிறார், சிப்பாய்ப் புரட்சி நடந்தது 1806 ஜூலை 10 என்று தேதி சொல்லிப் பேசுவதற்கு ஆள் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது அந்தக் கோட்டைக்குக் கிழக்கே மலைமேல் சிதைந்து நிற்கும் சிறு கோட்டைகளைப் போன்ற இடங்களை. கீழே பஸ் நிலையத்தில் நிற்கிறவர்கள் தினமும் அந்த மலையைப் பார்க்கிறார்கள். மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

பழைய வட ஆற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், இப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவர் மலை உண்மையில் சமணர் மலை. அங்குள்ள ஒரு கல்வெட்டு, நந்திவர்ம பல்லவனின் 50ஆம் ஆட்சியாண்டில் நாரணன் என்பவர் பொன்னியக்கியார் என்ற சமண இயக்கியின் உருவத்தைச் செதுக்குவித்ததைச் சொல்கிறது. இன்னொன்று முதலாம் ராஜராஜனின் 8ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொன்னைப் பக்கம் வள்ளிமலைக்கு முருகனைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அதே மலையில் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணப் புடைப்புச் சிற்பங்கள் இருப்பதைப் பார்க்கத் திரும்புகிறவர்கள் குறைவு. மேல்பாடியில் ஆற்றூர்த் துஞ்சின தேவரான (ஆற்றூரில் இறந்த) சோழ மன்னன் அரிஞ்சயனுக்கு, பேரன் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில், அதாவது நினைவுக் கோயில், நிற்கிறது. நெமிலி வட்டத்து மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையை முதலாம் மகேந்திரவர்மன் விஷ்ணு கோயிலாகக் குடைந்திருக்கிறான். திருப்பத்தூர் மாவட்டத்து ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்களின் எச்சம் இருக்கிறது. இவற்றுக்காவது பெயர் இருக்கிறது. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் சாய்ந்து கிடக்கும் நடுகற்களுக்கு அதுகூட இல்லை.

எதைத் தேர்வது? என் அளவுகோல் ஒன்றே ஒன்று. பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ மாதம் ஒருமுறை போய்வர முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போகிற இடம் எவ்வளவு பெரிய பெயர் பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு அது சுற்றுலாதான். பக்கத்து ஊர் ஏரிக்கரையில் இருக்கும் ஒற்றை நடுகல், எட்டாத தூரத்து ஓவியக் குகையைவிட உங்களுக்கு ஏற்றது.

யார் வீட்டுப் பொருள்?

பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. மாவட்ட ஆட்சியருக்கு மனு போகும். அவர் தொல்லியல் துறைக்கு அனுப்புவார். அங்கே, அந்த இடம் எங்கள் பட்டியலில் இல்லை என்பார்கள். மனு சுற்றிக்கொண்டே இருக்கும், படிப்பு முடிந்து மாணவர்கள் போய்விடுவார்கள். அதனால் இடம் யாருடையது என்பதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் எந்த மனுவும் எழுத வேண்டாம்.

கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து தொடங்குங்கள். ஊர், இடம் அடையாளம் சொல்லிப் புல எண்ணைக் கேளுங்கள். புல எண் தெரிந்துவிட்டால் தமிழக அரசின் நில ஆவணங்களுக்கான இணையச் சேவையிலேயே 'அ' பதிவேடு எனப்படும் கிராம நிலப் பதிவேட்டின் விவரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். நிலம் பட்டாவா, புறம்போக்கா, கோயில் பெயரில் இருக்கிறதா, காப்புக்காடா என்பது அதில் வந்துவிடும். பதிவேட்டில் 'பாறை', 'மலை', 'கல்லாங்குத்து' என்று மட்டும் இருந்தால் அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். சின்னம் என்று எங்கும் பதிவாகாமல் வெறும் பாறையாக எழுதப்பட்ட இடம்தான் நாளைக்கு முதலில் ஆபத்தில் மாட்டும்.

நிலம் ஒருவருடையது, சின்னம் இன்னொருவரின் பொறுப்பு என்பது நம் ஊரில் சகஜம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். வழிபாடு நடக்கும் கோயில் என்றால் இந்து சமய அறநிலையத் துறையும், காப்புக்காடு என்றால் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும். ஒரே மலையில் அடிவாரம் ஊராட்சிக்கும், படி அறநிலையத் துறைக்கும், சுற்றியுள்ள சரிவு வனத்துறைக்கும், மேலே உள்ள சிற்பம் தொல்லியல் துறைக்கும் உரியதாக இருக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் மலையை வரைந்து, எந்தப் பகுதி யாருடையது என்று நான்கு நிறத்தில் தீட்டிவிடுங்கள். பின்னால் எழுதப்போகும் எல்லா மனுக்களுக்கும் அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. 1989இல் வட ஆற்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. உங்கள் இடம் பழைய ஆவணங்களில் வேறு மாவட்டம், வேறு வட்டம் என்று இருக்கும். பழைய கல்வெட்டுத் தொகுதிகளில் சீயமங்கலமும் மாமண்டூரும் வேடாலும் வட ஆற்காடுதான், இன்று மூன்றும் திருவண்ணாமலை மாவட்டம். மனுவில் இன்றைய வட்டம், பழைய வட்டம் இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இது எங்கள் எல்லையில் இல்லை என்ற ஒரு வரிப் பதிலோடு கோப்பு மூடப்படும்.

சின்னம் பாதுகாக்கப்பட்டதா இல்லையா என்று உறுதியாகத் தெரியாதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். மத்திய அலுவலகங்களுக்கு அஞ்சலாணை, அல்லது இணையவழி. 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால், அல்லது பாதிப் பதில் வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பள்ளி மாணவர்கள் என்றால் ஆசிரியர் பெயரில் அனுப்புவது எளிது.

கேள்வியில் "ஏன்" போடாதீர்கள். ஏன் பராமரிக்கவில்லை என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படிக் கேளுங்கள்:

"இன்ன கிராமம், இன்ன புல எண்ணில் உள்ள சின்னம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் அறிவிக்கையின் எண், நாள், நகல் தருக. சின்னத்தின் எல்லையைக் காட்டும் வரைபட நகல் தருக. கடந்த 5 நிதியாண்டுகளில் இதன் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகையை ஆண்டுவாரியாகத் தருக. இங்கு நியமிக்கப்பட்டுள்ள காவலர் பணியிடம், பணி நேரம் பற்றிய விவரம் தருக."

தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

வக்கீல் அளவுக்கு வேண்டாம். மூன்று விஷயம் போதும். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதலாவதில் புதுக் கட்டடம் கூடாது, இரண்டாவதில் அனுமதி வாங்கிக் கட்டலாம். இது 2010 திருத்தத்தில் சட்டத்துக்குள் வந்தது. அடுத்தது, அப்படிப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாறையில் காதலி பெயர் எழுதுகிறவனுக்கும் இது பொருந்தும், நல்லெண்ணத்தோடு கம்பித் தூரிகையால் தேய்க்கும் தொண்டருக்கும் பொருந்தும். மூன்றாவது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணில் காசோ சிலையோ கிடைத்து அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்து வந்து வகுப்பறை அலமாரியில் வைக்கக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, தாசில்தாருக்கும் வேலூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் தகவல் சொல்லுங்கள்.

ஊரோடு பேசுவது

எனக்குத் தெரிந்து இதுதான் முழு வேலையிலும் கடினமானது. வழிகாட்டிகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோவதும் இதைத்தான்.

ஊர்க்காரர்கள் உங்களை மூன்று விதமாகச் சந்தேகிப்பார்கள். ஒன்று, புதையல். அளவு நாடாவும் கேமராவுமாக நாலு பேர் மலையேறினால் அடியில் என்னவோ இருக்கிறது என்ற பேச்சு அன்று சாயங்காலமே டீக்கடைக்கு வந்துவிடும். நீங்கள் போன பிறகு கடப்பாரையோடு ஒருவன் ஏறுவான். நடுகற்கள் பலவற்றின் அடியில் தோண்டிய குழி இருப்பது இதனால்தான். அதனால் என்ன செய்கிறோம் என்பதை முதல் நாளே ஊர்ப் பெரியவர்களிடமும் ஊராட்சித் தலைவரிடமும் சொல்லிவிடுங்கள். கல்லில் இருப்பது எழுத்துதான், அந்த எழுத்து இதைத்தான் சொல்கிறது என்று வாசித்துக் காட்டுங்கள். வாசித்துவிட்டால் மர்மம் போய்விடும்.

இரண்டாவது, நிலம். "தொல்லியல்காரன் வந்தா வீடு கட்ட உடமாட்டான்" என்ற பயம். இது வீண் பயம் அல்ல. மேலே சொன்ன 100 மீட்டர் கணக்கு உண்மையானது. அப்படியெல்லாம் ஒன்றும் வராது என்று மழுப்பாதீர்கள். பக்கத்து நிலக்காரரிடம் போய், அவர் நிலம் சின்னத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அவரையும் வைத்துக்கொண்டே அளந்து காட்டுங்கள். பாதிக்கப்படுவார் என்றால் அதையும் சொல்லுங்கள். புதிதாக ஒரு இடத்தை மத்தியப் பாதுகாப்பில் சேர்க்க நினைத்தால் அரசு முதலில் இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும், அதற்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்துச் செய்த பாதுகாப்பு ஊரின் பகையைத்தான் சம்பாதிக்கும்.

மூன்றாவது, சாமி. திருப்பத்தூர், செங்கம் பக்கம் நடுகல் பல ஊர்களில் வேடியப்பன். பொங்கல் வைக்கிறார்கள், சேவல் அறுக்கிறார்கள், மஞ்சள் பூசுகிறார்கள். ஜவ்வாது மலையின் கல்திட்டைகளை (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச் சின்னங்களை) வாலியர் வீடு, குள்ளர் குகை என்று சொல்கிறார்கள். இது வீரன் கல், சாமி இல்லை என்று பாடம் எடுக்கப் போகாதீர்கள். அந்த வழிபாடு இல்லாவிட்டால் அந்தக் கல் எப்போதோ வாய்க்கால் மதகுக்கோ துணி துவைக்கவோ போயிருக்கும். பேச வேண்டியது பூச்சைப் பற்றி மட்டும். எனாமல் பெயின்ட் அடிப்பதும், கும்பாபிஷேகத்துக்கு மணல் வீச்சு எந்திரத்தால் கல்லைச் சுத்தம் செய்வதும், சுற்றிச் சிமென்ட் மேடை கட்டிப் பாதி எழுத்தைப் புதைப்பதும்தான் நிரந்தரச் சேதம். மஞ்சள் குங்குமத்தைப் பீடத்தில் வைத்து, எழுத்துள்ள பக்கத்தை விட்டுவிடலாமா என்று பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா மாதிரி ஒருத்தர் பெயர் இங்கே எழுதியிருக்கிறது, மறைக்காமல் வைக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஊரில் வயதான ஆயாக்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். மலைக்கு முன்பு எந்தப் பக்கம் வழி இருந்தது, சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், எந்த ஆண்டு எந்தக் கல் விழுந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இதை ஒலிப்பதிவு செய்து, சொன்னவரின் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பழைய வழியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

கிராம சபையை விடாதீர்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு வாக்கு இல்லை. அம்மாவும் அப்பாவும் வரலாமே. சின்னத்துக்குப் போகும் பாதையைச் சீர்செய்ய வேண்டும், அங்கே குப்பை கொட்டக் கூடாது என்று இரண்டு தீர்மானம் நிறைவேறினால் போதும். தீர்மான நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதிகாரிகளின் மேசையில் மாணவர்களின் கையெழுத்து இயக்கத்தைவிட அந்த ஒரு பக்கத்துக்கு எடை அதிகம்.

பதிவு செய்வது

கல் நாளைக்கே காணாமல் போனாலும் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். அந்த நினைப்போடு பதிவு செய்யுங்கள்.

முதலில் தூரப் படம், பிறகு நடுத்தரம், பிறகு அண்மை. ஒவ்வொரு அண்மைப் படத்திலும் ஓர் அளவுகோல் தெரிய வேண்டும், பள்ளி ஸ்கேல் போதும். அதைக் கல்லின் மேல் சாய்க்காமல் பக்கத்தில் பிடியுங்கள். இடத்தைச் சுற்றி நாலைந்து நிலையான புள்ளிகளை முடிவு செய்து, மழைக்கு முன்னும் பின்னும் அதே புள்ளிகளிலிருந்து படம் எடுங்கள். விரிசல் பெரிதாகியிருக்கிறதா, புதுப் பெயர் கிறுக்கியிருக்கிறார்களா என்பது இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தனியாகக் கிடக்கும் நடுகல், தூக்கிக்கொண்டு போகக்கூடிய சிற்பம் ஆகியவற்றின் துல்லிய இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். துல்லிய விவரம் கோப்பில் இருக்கட்டும், துறைக்குப் போகட்டும்.

கல்வெட்டு தெரியவில்லை என்று சுண்ணக்கட்டி, விபூதி, கோதுமை மாவு, எண்ணெய் எதையும் பூச வேண்டாம். வெளிச்சம் போதும். காலை ஏழு மணிச் சாய்வெயிலில், அல்லது அந்திக்குப் பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். நேர் வெயிலில் வெறும் பாறையாகத் தெரிந்தது வரி வரியாக எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு ஈடில்லை. டார்ச்சை நாலு திசையிலிருந்தும் பிடித்துத் தனித்தனியாக எடுங்கள். ஒரு படத்தில் தெரியாத எழுத்து அடுத்ததில் தெரியும். மைப்படி எடுப்பது, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் படியெடுப்பது, அனுமதியும் பழக்கமும் உள்ளவர்களின் வேலை. ஈரத்தாளைத் தூரிகையால் அடித்து, மை ஒற்றுவதில் கை தவறினால் கல்லில் மை இறங்கிவிடும்.

செல்போனிலேயே முப்பரிமாண மாதிரி செய்ய முடியும். சிற்பத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு படமும் முந்தையதோடு மூன்றில் இரண்டு பங்கு ஒத்துப்போகும்படி எடுத்துக்கொண்டே வந்தால், இலவச மென்பொருள்கள் அவற்றைக் கோத்துவிடும். மேகமூட்டமான நாள் இதற்கு நல்லது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் முக்காலி, டிரோன் இரண்டுக்கும் முன் அனுமதி வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

வாசகத்தை நீங்களே புதிதாகக் கண்டுபிடித்ததாகச் செய்தியாளரைக் கூப்பிடும் முன் கொஞ்சம் பொறுங்கள். வட ஆற்காட்டுக் கல்வெட்டுகள் நூறாண்டுக்கு மேலாகப் படிக்கப்பட்டு வருகின்றன. பஞ்சபாண்டவர் மலை, வள்ளிமலைக் கல்வெட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சாகிவிட்டன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். இருந்தால் ஏமாற்றம் வேண்டாம், அன்று படித்த வரிகளில் இன்று எவை சிதைந்துவிட்டன என்று ஒப்பிட்டு எழுதினால் அது துறைக்கே புதுத் தகவல். இல்லாவிட்டால் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குப் படங்களை அனுப்புங்கள்.

வழி திறப்பது

யாரும் வராத இடத்தில் சீட்டாட்டமும் பாட்டில் உடைப்பும் நடக்கும். எல்லாரும் வருகிற இடத்தில் ரீல்ஸ் எடுக்கிறவர்கள் சிற்பத்தின் மடியில் ஏறி உட்காருவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். உள்ளூர்க் குடும்பங்களும் பள்ளிகளும் வந்துபோவது, எண்ணிக்கையில் கொஞ்சம், ஆனால் தொடர்ந்து என்பதே என் பார்வையில் நல்ல அளவு.

பஸ் நிறுத்தத்திலிருந்து சின்னம் வரை நடந்து பாருங்கள். அறியாத ஒருவர் எந்த இடத்தில் தயங்கி நிற்பார் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் குறியுங்கள். கூட ஒரு கர்ப்பிணியோ, முழங்கால் வலிக்காரரோ, சக்கர நாற்காலியில் வருகிறவரோ இருந்தால் எதுவரை வர முடியும் என்றும் எழுதுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களுக்கும் பொருந்தும். மலைக்குகைக்குச் சாய்தளம் போட முடியாது, சரி. அடிவாரம் வரை மேடுபள்ளமில்லாத பாதையும், அங்கே நிழலில் ஓர் உட்காரும் மேடையும், மேலே இருப்பதைக் காட்டும் படப்பலகையும் கேட்கலாம். நீங்கள் செய்த முப்பரிமாண மாதிரி இங்கேதான் உதவும். மேலே ஏற முடியாத தாத்தா, அடிவாரத்திலேயே பேத்தியின் போனில் சிற்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

பாறையில் பெயின்ட்டால் அம்புக்குறி போடாதீர்கள். படி வெட்டாதீர்கள், சிமென்ட் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் ஒரு பலகைக்குக் குழி தோண்டவும் அனுமதி வேண்டும். எனவே பலகையை எல்லைக்கு வெளியே, ஊராட்சி நிலத்தில் நடச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையோரம் வைக்க அந்தத் துறையிடம் கேட்க வேண்டும். பாதை ஊராட்சிப் புறம்போக்கு என்றால் புதர் நீக்கம் ஊராட்சி மூலமே நடக்கட்டும். சுவரிலோ கோயில் விமானத்திலோ முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் கல் இடுக்கில் இறங்கியிருக்கும், இழுத்தால் கல்லோடு வரும். படம் எடுத்துத் துறைக்கு அனுப்புங்கள்.

பலகை வாசகம் எழுதும் பொறுப்பைத் துறை உங்களிடம் தந்தால் ஒரே ஒரு செய்தியை நன்றாகச் சொல்லுங்கள். மேல்பாடியில் நிற்கிறவருக்குக் கட்டடக்கலைச் சொற்கள் எதுவும் வேண்டாம், "தாத்தாவுக்குப் பேரன் எழுப்பிய நினைவுக் கோயில், பேரன் பெயர் ராஜராஜன்" என்றால் நின்று பார்ப்பார். சமணத் தலமான வேடாலுக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு, சோழர் காலத்தில் கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியும் அவருடைய மாணவியரும் இங்கே இருந்தார்கள் என்று சொன்னால் போதும்.

கூகுள் மேப்பில் இடத்தைச் சேர்க்கும்போது புள்ளியை மலை உச்சியில் குத்தாதீர்கள், வண்டியில் வருகிறவரை அது முள்காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தும். பாதை தொடங்கும் அடிவாரத்தில் குத்துங்கள்.

மனு எழுதுவது

ஒரு மனுவில் ஒரே ஒரு கோரிக்கை. அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் உள்ள ஒரே அலுவலர். மத்தியச் சின்னம் என்றால் சென்னை வட்டக் கண்காணிப்புத் தொல்லியலாளர், மாநிலச் சின்னம் என்றால் எழும்பூரில் உள்ள தொல்லியல் துறை ஆணையர். பஸ் நின்று போக வேண்டும் என்றால் விழுப்புரம் கோட்டப் போக்குவரத்துக் கழகத்தின் வேலூர் மண்டல அலுவலகம். ஆட்சியருக்கு நகல். நடை இப்படி இருக்கட்டும்:

"பொருள்: இன்ன கிராமம், புல எண் இன்னது – சமணச் சிற்பங்கள் – அடிவாரத்தில் பெயர்ப்பலகை வைக்கக் கோருதல். பார்வை: கிராம சபைத் தீர்மானம், நாள் இன்னது, தகவல் உரிமைப் பதில், நாள் இன்னது. ஐயா, மேற்காண் சின்னம் தங்கள் துறையின் பாதுகாப்பில் உள்ளது என்று பார்வையில் கண்ட பதிலில் தெரிவிக்கப்பட்டுள்ளது. தற்போது அங்கு பெயர்ப்பலகை இல்லை. படம் இணைப்பு ஒன்று. பலகை வைப்பதற்கான இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளது, இணைப்பு இரண்டு. பலகை வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

தமிழின் தொன்மை, மன்னர்களின் பெருமை எல்லாம் மனுவில் வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி விசாரியுங்கள், கோபம் வேண்டாம். சின்னத்துக்குப் பக்கத்தில் கல்குவாரி இருந்தால் மட்டும் மாணவர்கள் நேரில் போய் வாதாடக் கூடாது. தூரம் அளந்த வரைபடத்தோடு தொல்லியல் துறைக்கும் கனிமவளத் துறைக்கும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதட்டும்.

மலையேறும்போது

பெற்றோர் கையெழுத்து, கூட ஒரு ஆசிரியை, காப்புக்காடு என்றால் வனச்சரகர் அனுமதி. குகை முகப்பில் மலைத்தேனீக் கூடு இருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். புகை, சென்ட், கூச்சல் எல்லாமே அவற்றைக் கிளப்பும். வௌவால் நிறைந்த இருட்டுக் குகைக்குள் முகக்கவசம் இல்லாமல் போக வேண்டாம். பாம்புக்கடிக்கு அருகில் எந்த அரசு மருத்துவமனை என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள், வேலூர்ச் சுற்றில் என்றால் அடுக்கம்பாறை. சித்திரை, வைகாசியில் பாறை கொதிக்கும், அந்த இரண்டு மாதம் மலை வேண்டவே வேண்டாம்.

ஆண்டுக் கணக்கு

ஜூனில் பள்ளி திறந்ததும் புல எண்ணும் தகவல் உரிமை விண்ணப்பமும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குள் ஊரோடு பேசி முடித்திருக்க வேண்டும். செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, முதல் சுற்றுப் படங்கள். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். அப்போது ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாம், மழை விட்டிருந்தால். தை, மாசி மலைக்கு நல்ல மாதங்கள், இரண்டாம் சுற்றுப் படங்களும் பாதை அளவீடும் அப்போது. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்துக்குத் தேர்வு இடைஞ்சலாக இருக்கும், விட்டாலும் பரவாயில்லை.

மார்ச்சுக்குள் கோப்பைக் கைமாற்றுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போனதும் மனு எண்கள், படங்கள், பூசாரியின் போன் எண் எல்லாம் அவர்களோடு போய்விடும். ஒரு பென்டிரைவ் தலைமையாசிரியர் அலமாரியில், ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று பொதுவான இணையச் சேமிப்பில். கோப்பின் முதல் பக்கத்தில் நிலுவையில் உள்ள மனுக்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அடுத்து எந்தத் தேதியில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு. பதினொன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரை முன்பே கூட்டிப் போய் கிராம நிர்வாக அலுவலரிடமும் பூசாரியிடமும் பக்கத்து நிலக்காரரிடமும், "அடுத்த வருஷம் இவங்கதான் வருவாங்க" என்று அறிமுகப்படுத்திவிட வேண்டும்.